சொற்கள் உதிர்ந்த சனிக்கிழமை

பதிவாளர் நம்பேவேயின் பெயரில் அந்த அறிவிப்பு வந்தபோது கல்லூரியில் ஒருவருக்கும் சந்தேகம் எழவில்லை. ‘தேர்வுகள் இரண்டு வாரம் தள்ளிவைக்கப்படுகின்றன. மாணவர்கள் ஊருக்குச் செல்லலாம்.’ அவருடைய கணக்கிலிருந்து, அவர் எழுதுகிற அதே வறட்டு நடையில் வந்திருந்தது மின்னஞ்சல். துறைத் தலைவர்கள் அதை அச்செடுத்துப் பலகையில் ஒட்டினார்கள். மத்தியானத்துக்குள் விடுதியில் பாதி காலி. மெத்தைகளையும் தகரப் பெட்டிகளையும் தலையில் ஏற்றிக்கொண்டு மினிபஸ்கள் ஸோம்பா நகரை விட்டு பிளான்டையர் பக்கமும் லிலோங்வே பக்கமும் போய்விட்டன.

பல் பிடுங்கப் போயிருந்த நம்பேவே வீங்கிய கன்னத்தோடு திரும்பிவந்து, வெறிச்சோடிக் கிடந்த வளாகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு என்னய்யா விடுமுறை?” என்று காவலாளியைக் கேட்டாராம்.

வானொலியில் அறிவிப்புக் கொடுத்து மாணவர்களைத் திருப்பி அழைக்க வேண்டியதாயிற்று. கல்லூரி முதல்வர் டாக்டர் கபோண்டா கணினி மையத்துக்கே வந்து மேசையைத் தட்டினார்.

மையத்தின் பொறுப்பாளர் ஸியோனே மாசேகோ. வளாகத்தில் இருந்த எல்லாத் திரைகளும் அவளுடைய அறையில் முனகிக்கொண்டிருந்த ஒரே பெரிய இயந்திரத்தோடுதான் இணைந்திருந்தன. முன்னூற்றுச் சொச்சம் பேருக்கு அதில் கணக்கு. ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், நூலகத்தார், எல்லாரும் தங்கள் பெயரையும் ரகசியச் சொல்லையும் தட்டித்தான் உள்ளே நுழைய வேண்டும். அவள் பதிவுகளைத் துருவிப் பார்த்தாள். பூட்டை உடைத்த தடயம் எதுவுமில்லை. யாரோ நம்பேவேயின் சொல்லைச் சரியாகவே தட்டி, முன்வாசல் வழியாக வந்து போயிருக்கிறார்கள்.

நம்பேவேயை அழைத்து உட்காரவைத்து, மரியாதைக்கு ஆண்களை ‘பம்போ’ என்றும் பெண்களை ‘மாயி’ என்றும் விளிக்கிற அந்த ஊர் வழக்கப்படியே கேட்டாள்.

“பம்போ, தப்பா எடுத்துக்காதீங்க. எப்படியும் இப்ப மாத்தப் போறோம். உங்க பாஸ்வேர்ட் என்னவா இருந்துச்சு?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். “ங்கோனா.”

பக்கத்து மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அவளுடைய உதவியாளன் பெஸ்டருக்குப் புரையேறியது. ங்கோனா என்றால் முதலை. மாணவர்கள் நம்பேவேக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயரே அதுதான். கண் இமைக்காமல் பார்ப்பார், யாரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை, பிடித்தால் விடமாட்டார்.

“பசங்க என்னை எப்படிக் கூப்பிடறாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு எல்லாரும் நெனச்சிட்டிருக்காங்க. அப்படி நெனக்கிறவரைக்கும் அதைவிடப் பத்திரமான சொல் ஏது?” என்றார் நம்பேவே.

“எவனோ ஒருத்தன் விளையாட்டுக்குத் தட்டிப் பாத்திருக்கான், பம்போ. கதவு தொறந்துக்கிச்சு.”

அவர் விசைப்பலகைப் பக்கம் திரும்பி, ஒற்றை விரலால் புதுச் சொல் ஒன்றை மெதுவாகத் தட்டினார். ஸியோனே வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுந்தபோது அவர் சொன்னார்: “அந்தப் பையன் யாருன்னு தேட வேண்டாம். கதவைத் தொறந்து வெச்சது நான்தான்.” முதலையின் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வருமென்று அவளோ பெஸ்டரோ எதிர்பார்க்கவில்லை.

ஆனால் முதல்வர் விடுவதாக இல்லை.

“இன்னும் எத்தனை பேரு இந்த லட்சணத்துல வெச்சிருக்காங்க? எனக்குப் பேரு வேணும், மாயி. வெச்சிருக்கிற சொல்லும் வேணும். திங்கக்கிழமை ஆசிரியர் கூட்டத்துல ஒவ்வொருத்தரையா எழுந்து நிக்க வெச்சு நானே வாசிக்கிறேன். மானம் போனாத்தான் நம்மாளுங்களுக்குப் புத்தி வரும். மெஷினுக்கு நீதானே ராணி, பாத்துச் சொல்லிடு.”

“அது ராணிக்கும் தெரியாது, டாக்டர். மெஷினுக்கே தெரியாது.”

“தெரியாமயா உள்ளே விடுது?”

“மில்லுல மக்காச்சோளத்தை அரைச்ச மாதிரின்னு வெச்சுக்குங்க. நீங்க சொல்லைக் குடுத்ததும் அரைச்சு மாவாக்கிடும். மாவைத்தான் வெச்சுக்கும், சோளத்தைத் தூக்கி எறிஞ்சிடும். மறுநாள் நீங்க வந்து சொல்லைத் தட்டினா, மறுபடி அரைச்சு, அந்த மாவும் இந்த மாவும் ஒண்ணான்னு பாக்கும். மாவுலேருந்து சோளத்தைத் திருப்பி எடுக்க யாராலயும் ஆகாது.”

“அப்ப அந்தப் பேருங்களை எப்படித்தான் எடுப்பே?”

“ஒவ்வொரு சொல்லா நாமளே ஊகிச்சு அரைச்சுப் பாக்கலாம். மாவு ஒத்துப்போனா, சோளம் அதுதான்.”

“அரை, அரை,” என்றார் முதல்வர், குடையை எடுத்துக்கொண்டே.

சனிக்கிழமை காலை. மலையிலிருந்து இறங்கிய, சிப்பெரோனி என்கிற குளிர்த் தூறல் நிற்காமல் நசநசத்துக்கொண்டிருந்தது. ஸியோனேயும் பெஸ்டரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு, எண்ணெயில் பொரித்த மண்டாஸி உருண்டைகளைச் சுடச்சுடக் காகிதத்தில் வைத்துக்கொண்டு, ஊகிக்கும் நிரலை ஓடவிட்டார்கள். அதனோடு வந்திருந்தது ஓர் ஆங்கில அகராதி. ஒரு லட்சம் சொற்களை அரைத்துப் பார்த்துவிட்டு ஏழெட்டுப் பேரைத்தான் அது பிடித்தது. அவர்களுடைய சொற்களில் பாதி கால்பந்து அணிகளின் பெயர்கள்.

“நம்மாளுங்க உஷாருதான் போல,” என்றாள் ஸியோனே.

“என்ன உஷாரு, மாயி? இங்கிலீஷ்ல சம்பளம் வாங்குவாங்க. இங்கிலீஷ்லயா கனவு காணுவாங்க?” பெஸ்டர் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துகிறவன். வழிபாட்டுப் பாடல்கள் முழுவதையும் சிச்சேவா மொழியில் அவன் முன்பே இந்த இயந்திரத்தில் தட்டி வைத்திருந்தான். அதிலிருந்த சொற்களையும் சொற்றொடர்களையும் பிரித்து அடுக்கி நிரலுக்குத் தீனியாகக் கொடுத்தான். மாணவர் பெயர்களையும் சேர்த்தான். அவர்கள் நாட்டில் பெயர் என்பதே ஒரு சொல்தானே. துன்பம், நன்றி, விடை, பொறுமை என்றெல்லாம் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிற ஊர்.

அவன் விசையை அழுத்திவிட்டு மண்டாஸியை எடுத்து வாயருகே கொண்டுபோனான். கை அங்கேயே நின்றுவிட்டது.

திரையில் சொற்கள் உதிரத் தொடங்கியிருந்தன. முதல் மழை விழுகிற மாதிரி ஒன்று, பிறகு ஒன்று, பிறகு சடசடவென்று. இடப்பக்கம் கணக்கின் பெயர், வலப்பக்கம் சொல்.

கணக்காளர்: ம்வுலா. மழை.

“பாத்தீங்களா! அவரு மழை வேணும்னு உக்காந்திருக்காரு, மலையடிவாரத்துல தோட்டம் போட்டிருக்காரு இல்ல,” என்று பெஸ்டர் சிரித்தான்.

வேதியியல் ஆசிரியர் பிம்பாவுக்கும் வரலாற்று ஆசிரியர் சிலெம்பாவுக்கும் வீட்டு எல்லைத் தகராறு. ஊர்த்தலைவர் முன்னால் வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒருவர் வருகிற பாதையில் மற்றவர் நடக்கமாட்டார். திரையில் இருவர் பெயரும் அடுத்தடுத்து வந்தன. இருவருக்கும் ஒரே சொல்: ம்டெண்டெரே. அமைதி.

பெஸ்டர் சிரிக்க வாயெடுத்தான், சிரிப்பு வரவில்லை.

நூலகத்து அம்மாளின் கணக்கில் மலேரியாவில் போன அவளுடைய கடைசிக் குழந்தையின் பெயர் விழுந்தது. அந்தப் பெயரை அவள் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. கூட்டத்தில் மேசையைக் குத்திக் குத்திப் பேசும் புவியியல் விரிவுரையாளரின் சொல், ‘எனக்குப் பயமாயிருக்கிறது’. விடுதிக் காப்பாளரின் சொல், ‘இன்னும் ஒரு வருஷம்’. எதற்கு இன்னும் ஒரு வருஷம்? யாரிடம் கேட்பது?

நம்பேவே என்று ஒரு வரி வந்தது. போன வாரம் ஒற்றை விரலால் அவர் தட்டிய புதுச் சொல்: ந்டிகுலுலுகிரேனி. என்னை மன்னியுங்கள்.

முப்பது படி ஏறி அவர் அறைக்குப் போக நேர்ந்தால் கதவு வரைக்கும் பதறிக்கொண்டே போகிறவள் ஸியோனே. அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்குமுன் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார். கடவுளிடமா, பெண்டாட்டியிடமா, எந்தக் காலத்திலோ வெளியேற்றிய ஒரு மாணவனிடமா? முன்னூறு பேரோடு இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள். ஒருவரையும் தெரியாது. ராத்திரி வானத்தை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்த பிள்ளை மாதிரி, கண்ணை எடுக்கவும் முடியாமல், பார்த்துக்கொண்டிருக்கவும் கூசி, உட்கார்ந்திருந்தாள்.

“மாயி,” என்றான் பெஸ்டர் தணிந்த குரலில். “இந்தச் சொல்லெல்லாம் போன ஞாயித்துக்கிழமை கோயில்ல நாங்க பாடினது. இவங்க எல்லாரும் சும்மா வாயசைக்கிறாங்கன்னுதான் நான் நெனச்சேன்.”

அப்போது அடுத்த வரி விழுந்தது. மாசேகோ. அது அவளுடைய கணக்கு.

ப்வெரெரானி. திரும்பி வாருங்கள்.

அவள் கணவன் ஜொகன்னஸ்பர்க்குக்கு வேலைக்குப் போனபோது வைத்த சொல் அது. முதலில் தொலைபேசி வந்துகொண்டிருந்தது, பிறகு குறைந்தது, பிறகு நின்றது. யார் கேட்டாலும், “நல்லா இருக்காரு, வேலை அதிகம்” என்பாள். வீட்டிலிருந்த அவன் சட்டைகளைக்கூட அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டாள். முடிந்துபோன கதை என்றுதான் தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் விரல்கள் பழக்கத்தில் அதையே தட்டிக்கொண்டிருந்தன. அது ஒரு சொல் என்பதே மறந்துபோயிருந்தது. விடிந்தால் எழுந்து வந்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து, வேண்டுதலைத் தவறவிடாத பிரார்த்தனைக்காரி மாதிரி தினமும் அவனைக் கூப்பிட்டிருக்கிறாள்.

பெஸ்டர் அந்த வரியைப் படித்துவிட்டான். அவன் படித்ததை அவளும் பார்த்துவிட்டாள். ஊரில் எதைக் கண்டாலும் கேலி பேசுகிறவன், எழுந்து போய்த் தேநீர் போட்டான். அவள் எப்போதும் போட்டுக்கொள்வதைவிட இரண்டு கரண்டி சர்க்கரை அதிகமாகப் போட்டுக் கொண்டுவந்து வைத்தான்.

தேநீர் ஆறுகிறவரை அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு நிரலை நிறுத்தினாள். உதிர்ந்ததையெல்லாம் அழித்தாள். பாடல்களிலிருந்து பிரித்தெடுத்த சொல்லடுக்கையும் அழித்தாள்.

“டாக்டரு கேப்பாரே,” என்றான் பெஸ்டர்.

“கேக்கட்டும், அச்சிம்வேனே,” என்றாள், சகோதரனை அழைக்கிற சொல்லால். “நீ பாத்ததை யார்கிட்டயாவது சொல்வியா?”

“நான் என்ன பாத்தேன்? மண்டாஸி தின்னுட்டிருந்தேன்.”

பிறகு அவள், ராணி என்று முதல்வர் சொன்னாரே, அந்த அதிகாரத்தில் உள்ளே போய் ஒரே கட்டளை கொடுத்தாள். எல்லாருடைய சொல்லும் அன்றோடு காலாவதி. திங்கட்கிழமை வந்து பழையதைத் தட்டினால் புதிது கேட்கும். எழுத்தும் எண்ணும் கலந்து, அகராதியிலோ பாட்டிலோ கிடைக்காததாகக் கேட்கும். கொடுக்காமல் யாரும் உள்ளே போக முடியாது.

திங்கட்கிழமை காலை முதல்வர் அறையில் நின்றாள்.

“எங்கே பேருங்க?”

“எல்லாரையும் மாத்த வெச்சுட்டேன், டாக்டர். இனிமே ஒருத்தரும் லேசா வெச்சுக்க முடியாது.”

“நான் கேட்டது அதில்லையே.”

“பாத்தேன். அழிச்சுட்டேன். அது கூட்டத்துல வாசிக்கிற விஷயம் இல்லை. ஒவ்வொருத்தரும் ஆண்டவன்கிட்ட பேசறதை நாம கதவு மறைவுல நின்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. நீங்க என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி.”

டாக்டர் கபோண்டாவின் முகம் இறுகியது. பேனாவை மூடினார், திறந்தார். வெளியே தோட்டக்காரன் ஈர இலைகளைப் பெருக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, “என்னோடது விழுந்துச்சா?” என்று கேட்டார்.

“எனக்கு ஞாபகமில்லை, டாக்டர்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சரி,” என்றார். “கூட்டத்துல, பாஸ்வேர்டை எப்படி வெக்கணும்னு நீயே ஒரு பத்து நிமிஷம் பேசிடு. போ.”

அன்று முழுக்கக் கணினி மையத்தின் வாசலில் வரிசை. புதுச் சட்டம் பலருக்குப் பிடிபடவில்லை. “இதென்னம்மா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி எதைக் குடுத்தாலும் வேண்டாங்குது!” என்று கணக்காளர் அலுத்துக்கொண்டார். பிம்பாவும் சிலெம்பாவும் வரிசையில் ஒருவர் பின் ஒருவராக மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். ஸியோனே இருவரையும் பார்த்தாள். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

நம்பேவே வந்தபோது அவள் எழுந்து, மதிப்புக்குரியவர்களுக்குப் பெண்கள் செய்வதுபோல முழங்கால் தாழ்த்தி வணங்கினாள். அவரைக் கண்டால் எல்லாரும் ஒதுங்கித்தான் பழக்கம். அவர் குழம்பிப்போய், “என்ன மாயி, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்றார்.

“ஒண்ணுமில்லை, பம்போ. உக்காருங்க.”

பழைய சொல்லைத் தட்டினார். புதிது கேட்டது. கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

“நான் வெச்சிருந்த பழசு இனிமே எங்கே போகும்?”

“எங்கேயும் இருக்காது, பம்போ. மாவுகூட மிஞ்சாது. அது இருந்த இடத்துல புதுசு வந்துடும்.”

“திரும்பி எடுக்கணும்னா?”

“என்னால புதுசுதான் குடுக்க முடியும். போனதை எடுக்க முடியாது.”

“அப்படியா,” என்றார். அந்த இமைக்காத கண்கள் இரண்டு முறை இமைத்தன. “அப்படின்னா அதுவும் நல்லதுதான்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒற்றை விரல் நெடுநேரம் தட்டும் சத்தம் கேட்டது. இயந்திரம் முதல் தடவையே ஏற்றுக்கொண்டது. போகும்போது அவர் வாசலில் நின்ற ஒரு மாணவனின் தோளைத் தட்டிவிட்டுப் போனதைப் பார்த்தவர்கள் நெடுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலத்துக்குச் சற்று முன்னால் வரிசை தீர்ந்தது. தூறல் விட்டு, மலையின் நெற்றி மேகத்திலிருந்து வெளியே வந்திருந்தது. மீதி இருந்தது அவள் கணக்கு ஒன்றுதான்.

பெஸ்டர் தானாகவே எழுந்து ஜன்னலோரம் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டான். எதையோ மெல்ல முனகிப் பாடினான்.

அவள் பழைய சொல்லைத் தட்டினாள். இந்த முறை பழக்கத்தில் அல்ல, ஒவ்வோர் எழுத்தாக, அர்த்தம் தெரிந்து தட்டினாள். ‘புதிய சொல்?’ என்று கேட்டு, மினுக் மினுக்கென்று காத்திருந்தது திரை. அவசரப்படுத்தவில்லை. இவ்வளவு பெரிய காரியத்தை இவ்வளவு பொறுமையாக மனிதர்களிடம் கேட்கிற வேறெதையும் அவள் பார்த்ததில்லை. யோசித்தாள். ஒன்றைத் தட்டினாள், அழித்தாள். பிறகு வேறொன்று. மறுமுறை உறுதிசெய்யக் கேட்டபோது ஓர் எழுத்து பிசகியது. மீண்டும் தட்டினாள்.

“ஏத்துக்கிச்சா, மாயி?” என்றான் பெஸ்டர், திரும்பாமலே.

“ஏத்துக்கிச்சு.”

“அப்ப வாங்க. கேன்டீன்ல ந்ஸிமாக் களியும் உசிப்பா மீனும் சூடா இருக்கும்போதே போகலாம். பிம்பாவும் சிலெம்பாவும் ஒரே மேசையில மாட்டிக்கிட்டாங்களாம். உப்பை யாரு முதல்ல கேக்கறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருக்காங்களாம்.”

அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு, அறையைப் பூட்டினாள்.