இரண்டு விரல் போதும்

செவிலியர் ஜெயப்பிரியாவுக்கு அன்று பொறுமையெல்லாம் போய்விட்டிருந்தது. பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூடத்தில் இருபத்து நாலு தறி ஓடும் கூச்சலுக்கு நடுவே முதலுதவி சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். பத்து நிமிடம் நிறுத்தச் சொன்னால், முடியாது என்று கையை ஆட்டிவிட்டார் மேஸ்திரி கண்ணுசாமி. என்ன மனுஷனோ.

“மூச்சு நின்னு போச்சுன்னா பெரியவங்களுக்கு ரெண்டு உள்ளங்கையும் வெச்சு நெஞ்சை அமுத்தணும். சின்னப் பிள்ளைக்கு ஒரு கை. கைக்குழந்தைக்கு ரெண்டே விரல்,” என்று தொண்டை வறளக் கத்தினாள்.

“நெஞ்சுன்னா எல்லாத்துக்கும் நெஞ்சுதானுங் நர்சம்மா. போன மாசம் பயிற்சியில நா அமுத்துன அமுத்துல பொம்மையே நசுங்கிப் போச்சு,” என்றார் கண்ணுசாமி. எல்லோரும் சிரித்தார்கள். எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வாசலைக்கூடத் தாண்டவில்லை. உள்ளே தறி ஓட்டிக்கொண்டிருந்த கோகிலவாணி அலறினாள். தறியோரம் சேலை விரித்துப் படுக்க வைத்திருந்த அவளுடைய பத்து மாதப் பிள்ளை, தவழ்ந்து போய்த் தண்ணீர் பக்கெட்டில் தலைகுப்புற விழுந்து கிடந்தது. விழுந்த சத்தம் அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

ஜெயப்பிரியா ஓடி வருவதற்குள், பிள்ளையைத் தரையில் கிடத்தி மண்டியிட்டிருந்தார் கண்ணுசாமி. இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அந்தப் பிஞ்சு நெஞ்சில் வைத்துவிட்டார். அவள் அவரைப் பிடித்துத் தள்ளினாள்.

“எலும்பு நொறுங்கிரும்யா. எத்தனை வாட்டி கத்துனேன்? போய் மெயினை ஆப் பண்ணுங்க. ஆம்புலன்சைக் கூப்பிடுங்க.”

பிள்ளைக்கு மூச்சில்லை. அதன் வாயையும் மூக்கையும் சேர்த்துத் தன் வாயால் மூடி, கன்னத்தில் அடங்கும் காற்றை மட்டும் ஊதினாள். நெஞ்சின் நடுவில் இரண்டு விரலை ஊன்றி வேகமாக முப்பது முறை அழுத்தினாள். மறுபடி இரண்டு ஊதல். தறிகள் நின்றுபோயின. பாழாய்ப்போன அமைதி இப்போதுதான் கிடைத்தது என்று ஆத்திரமாக வந்தது. மூன்றாம் சுற்றில் பிள்ளை தண்ணீரைக் கக்கி, இருமி, வீறிட்டது.

ஆம்புலன்ஸ் வந்தது. கோகிலவாணி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவளை ஏற்றிவிட வேண்டியிருந்தது. “பிள்ளையை ஒரு நிமிஷம் புடிங்க,” என்று ஜெயப்பிரியா கண்ணுசாமியிடம் நீட்டினாள்.

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

“என்ர கையில குடுக்காதீங் நர்சம்மா.”

வாய்வரை வந்த திட்டை அவள் விழுங்கிக்கொண்டாள்.