நான்கு வருட வணக்கம்

சோய்ஜிலுக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். கடும் பனியில் மந்தை மொத்தமும் செத்துப்போய், அண்ணன் தம்தின் பழங்கால மங்கோலியாவைக் காட்டும் பூங்காவில் படைவீரன் வேஷத்துக்குச் சேர்ந்தபோது, சொந்தக்காரர்கள் நடுவில் வைத்துக் கேட்டுவிட்டான்: "செத்த ஆட்டுத் தோலைப் போத்திக்கிட்டு வெளிநாட்டுக்காரனுக்குப் பல்லைக் காட்டப் போறியா?" தம்தின் எழுந்து வெளியே போய்விட்டான்.

அதன்பின் நான்கு முறை வெள்ளை மாதப் புத்தாண்டு வந்தது. தம்பி தேடிப் போய், அண்ணனின் முழங்கைகளைக் கீழிருந்து தாங்கி வணங்க வேண்டிய நாள் அது. நான்கு முறையும் சோய்ஜில் உலான்பாதர் வீட்டை விட்டு நகரவில்லை. முதல் வருடம் வீம்பு. மற்ற மூன்றும் வெட்கம்.

இந்தக் கோடையில் மனைவி நோமின் அவனைக் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு பூங்காவுக்கு வந்தாள்.

"போனதும் பேச்சு வேணாம். கையை நீட்டுங்க, கீழ இருந்து. அவ்வளவுதான்."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதானே நாலு வருஷம் வீட்ல உக்காந்திருந்தீங்க" என்றவள், அவனை வாசலில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்தப் போனாள்.

வாசலில் நீண்ட வரிசை. தோல் கவசம் போட்ட தம்தின் ஒவ்வொருவரையும் வணங்கி வரவேற்றுக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. இருபது வயதுப் பெண்களுக்கும் அவனே கைகளைக் கீழே கொடுத்தான். விருந்தாளிதான் பெரியவர் என்பது பூங்காவின் சட்டம். சோய்ஜிலுக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை.

அவன் முறை வந்தது. உள்ளங்கைகளை மேல்நோக்கி நீட்டினான். அதற்குள் அண்ணனின் கைகள் அவன் முழங்கைகளுக்குக் கீழே வந்துவிட்டன.

"சுகமா இருக்கீங்களா? ஆடு மாடெல்லாம் கொழுத்திருக்கா?" எல்லோரிடமும் கேட்ட அதே கேள்வி.

"அண்ணே, நான்தான். கையை எடுண்ணே, நான் தாங்கணும்."

"தெரியுது. வரிசைல நிக்கும்போதே பாத்துட்டேன்." தம்தின் பிடியை விடவில்லை. "இந்த வாசல்ல வர்றவங்களுக்கெல்லாம் நான் சின்னவன்டா. அதுக்குத்தான் சோறு போடுறாங்க."

"அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்..."

"அதை அன்னிக்கே மறந்துட்டேன். நாலு வருஷமும் பால் டீ போட்டு வெச்சு, சாயங்காலம் வரைக்கும் கதவையே பாத்துட்டு இருந்தேன் பாரு, அதுதான் மறக்க மாட்டேங்குது."

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். தம்தின் கைகளை விலக்கிக்கொண்டான்.

"ஆளுங்க நிக்கிறாங்க. உள்ள போங்க."

எல்லோருக்கும் சொல்லும் வரவேற்பைத் தள்ளினால், அண்ணன் அவனைப் போங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

நோமின் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "என்ன ஆச்சு? கையைக் கொடுத்தீங்களா?"

"அவர்தான் கொடுத்தார்" என்றான் சோய்ஜில்.