மூன்று கிலோமீட்டருக்குப் பேசிய மலை

எங்கள் அண்ணன் சத்தியமூர்த்திக்குக் காரைக்குடியில் பழைய கதவு, நிலை, தூண் வியாபாரம். யார் என்ன சொன்னாலும் அதில் பாதிக்குக் கீழே கேட்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. டாக்டர் பத்து நாள் மாத்திரை எழுதினால், "நாலு நாள்ல முடிச்சுத் தாங்க சார்" என்பார். அப்படிப்பட்டவரிடம் போய் மலையேறும் ஏற்பாட்டை விட்டோம். தப்பு எங்களுடையதுதான்.

ஆசைப்பட்டது அண்ணமிண்டி. அண்ணன் மனைவியை எங்களில் அப்படித்தான் சொல்வோம். பெயர் அகிலாண்டேஸ்வரி, வருகிற ஆவணியில் ஐம்பது. குடும்பத்தோடு அவர் போகாத ஊர் இல்லை. பார்த்த இடம்தான் ஒன்றும் இல்லை. குற்றாலத்தில் நாங்கள் குளித்தபோது துணிமணியைப் பார்த்துக்கொண்டார். கொடைக்கானலில் நாங்கள் படகில் போனபோது பைகளோடு கரையில் இருந்தார். பழனியில் பதினாறு ஜோடிச் செருப்புக்கு நடுவே அடிவாரத்தில் நின்று முருகனைக் கும்பிட்டார். நாங்கள் திரும்பி வந்ததும் அண்ணன் கேட்கும் முதல் கேள்வி, "சாமானெல்லாம் சரியா இருக்கா?" எப்போதும் சரியாகவே இருக்கும். வேலையை அவ்வளவு ஒழுங்காகச் செய்தால் வேறு ஆளை யார் தேடுவார்கள்?

இந்தச் சித்திரையில் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவே அவரே சொன்னார்.

"ஒரே ஒரு தடவை நான் ஒரு மலை உச்சியில நிக்கணும். கோயில் வேணாம், கல்யாணம் வேணாம். சும்மா நிக்கணும்."

சொன்னதோடு விடவில்லை. வெள்ளை கான்வாஸ் ஷூ ஒன்று வாங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வீட்டின் நடு முற்றமான வளவைச் சுற்றித் தினமும் காலையில் நாற்பது சுற்று நடந்தார். பன்னிரண்டாம் நாளே எங்கள் வீட்டுத் தூண்களுக்குத் தலை சுற்றியிருக்கும்.

நத்தத்துக்கு அங்குட்டு ஒரு மலை. செம்மலை என்பவர் ஆட்களைக் கூட்டிப்போய்க் கூடாரம் போட்டுத் தங்க வைக்கிறார் என்று கேள்விப்பட்டு என் மனைவி விசாலி நம்பர் வாங்கிக் கொடுத்தாள். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம்.

"உச்சிக்கு ஏழு கிலோமீட்டருங்கய்யா" என்றார் செம்மலை.

"ஏழா? என்னப்பா வாய்க்கு வந்ததைச் சொல்ற. நாங்க பதினோரு பேரு வாரோம்."

"பதினோரு பேரு வந்தாலும் ஏழுதாங்கய்யா."

"கும்பலா வாரவுகளுக்குக் கொறைக்க மாட்டியா? மூணுக்கு முடிச்சு விடு."

"அய்யா, இது மலைங்கய்யா."

"நான் மட்டும் கடல்னா சொன்னேன்? மூணு. அடுத்த வருசமும் உங்கிட்டத்தான் வருவோம்."



"சரிங்கய்யா. மூணு."

போனை வைத்த அண்ணன் முகம் வாடிவிட்டது. "டக்குனு ஒத்துக்கிட்டானே. ரெண்டு கேட்டிருக்கணும்."

"மூணுல உச்சி வருமா? அதைக் கேட்டீகளா?" என்றார் அண்ணமிண்டி.

"ஏழுன்னாலும் அதே மலைதான், மூணுன்னாலும் அதே மலைதான். அதான் நான் பேசிட்டேன்ல?"

அடுத்தது மூட்டை. எங்கள் வீட்டில் கல்யாணம் ஆனதும் தனி அடுப்பு. கூரை ஒன்று, அண்ணன் தம்பி மூவர், அடுப்பு மூன்று. ஆளுக்கு ஒரு பைதான் என்று செம்மலை சொல்லியிருந்தாலும், அடுப்பு பையில் சேர்த்தி இல்லை என்று அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஒரு நாளைக்கு எல்லாரும் ஒண்ணாப் பொங்கித் தின்னா என்னவாம்?" என்றாள் விசாலி.

"இன்னைக்கு ஒண்ணாப் பொங்குவீக. நாளைக்கு, உப்பைக் கூடப் போட்டது யாருன்னு என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவீக."

ஆக மூன்று அடுப்பு, மூன்று குட்டி சிலிண்டர், மூன்று காபி பில்டர், இட்லிப் பானை, மாவுத் தூக்கு, நாலு ஜமுக்காளம், தேன்குழல் டின், அதிரசத் தூக்கு. வாசலில் குவித்து வைத்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டு நாகம்மை, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டே விட்டாள்.

அண்ணமிண்டி அந்தக் குவியலைப் பார்த்தார். பிறகு தன் ஷூவைப் பார்த்தார்.

"இம்புட்டையும் அங்க யாரு பாத்துக்கிறது?"

ஆளாளுக்குக் குனிந்து மூட்டை கட்ட ஆரம்பித்தோம். எங்கள் தொழிலில் முதலில் வாயைத் திறப்பவருக்குத்தான் நஷ்டம்.

கிளம்பிய அன்று காலை ஆறரைக்கு அடிவாரத்தில் செம்மலையோடு ஏற ஆரம்பித்தோம். இட்லிப் பானை என் தலையில் வந்து உட்கார்ந்தது. வழியில் ஆடு மேய்த்தவர் ஒருவர், மலைக்கு மேலே ஹோட்டல் வந்துவிட்டதா என்று விசாரித்தார். ஒன்பதரைக்கு இரண்டு பலா மரமும் கொஞ்சம் சமதளமும் வந்தன. கூடாரங்கள் போட்டுத் தயாராக இருந்தன. செம்மலை துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னப்பா உக்காந்துட்ட?"

"மூணு ஆயிருச்சுங்கய்யா."

அண்ணன் சுற்றிலும் பார்த்தார். மரம், மரத்துக்குப் பின்னால் மரம். "உச்சி எங்க?"

செம்மலை அண்ணாந்து கையைக் காட்டினார். வெயிலில் ஒரு மொட்டைப் பாறை ரொம்ப உயரத்தில் தெரிந்தது. "அந்தா. இன்னும் நாலு."

"அந்த நாலையும் சேத்துக் காட்டுறதுதானே?"

"பேசுனது மூணுதானேங்கய்யா? நான் பேச்சு மாற மாட்டேன்."

ஐம்பத்தாறு வயதில் முதல் முறையாக எங்கள் அண்ணன் ஏற்றிப் பேரம் பேசியதை அன்று கண்ணால் பார்த்தேன். "ஒரு ரெண்டு கூட்டிக்க… சரி, மூணரை… சரிப்பா, நாலையும் போட்டுக்க!"

செம்மலை வெகுநேரம் யோசிப்பது போல் பலா மரத்தைப் பார்த்தார். "கூட்டிப் போறேன். சாயங்காலத்துக்குள்ள எறங்கிரலாம். ஆனா மேல ஒரு மூட்டை ஏறக் கூடாது. இங்குட்டுக் குரங்கு சாஸ்தி. சாமான்கிட்ட ஒரு ஆளு இருந்தே ஆகணும்."

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பழக்கம். பத்துத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

அண்ணமிண்டி குனிந்து ஷூ கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அகிலா" என்று அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார். "நீ ரெண்டு கிலோமீட்டர் போயிட்டு வந்துரு. மிச்சம் ரெண்டை நான் போயிட்டு வாரேன். ஆளுக்குப் பாதி."

"பாதி மலையில போய் நான் என்ன செய்யட்டும்?"

"சரி, மூணு. உனக்காக மூணு."

"உங்க கடையில 'ஒரே விலை'ன்னு ஒரு போர்டு தொங்குதுல்ல? யாரும் படிக்காத போர்டு? இன்னைக்கு நீங்க படிங்க. எனக்கு நாலு. தேன்குழல் டின்னு மூடி சரியா மூடாது, மேல ஏதாச்சும் கனமா வச்சுக்குங்க."

சொல்லிவிட்டு நடந்தார். வளவில் நாற்பது சுற்று நடந்த நடை. எங்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. நான் அண்ணனுக்குத் துணையாக இருந்திருக்கலாம்தான். அதற்குள் என் கால் மேலே போய்விட்டிருந்தது.

பன்னிரண்டரைக்கு அண்ணமிண்டி உச்சிப் பாறையில் நின்றார். காற்றில் சேலை படபடத்தது. கீழே தோப்புகள், ஒரு கண்மாய், நூல் மாதிரி ரோடு. ஒரு சுற்றுச் சுற்றி நாலு பக்கமும் பார்த்தார். பிறகு குனிந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, பலா மரம் இருந்த பக்கம் தேடிப் பார்த்தார்.

"ஆச்சி, எதைத் தேடுறீக?" என்று அண்ணமிண்டியிடம் கேட்டாள் விசாலி.

"நம்ம மூட்டையைத்தான். இங்கேருந்து பாத்தா ஒண்ணுமே தெரியலடி" என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

கூடாரத்துக்கு இறங்கி வந்தபோது மணி நாலரை. அண்ணன் ஜமுக்காளத்தின் நடுவில் சம்மணம் போட்டிருந்தார். அதிரசத் தூக்கு மடியில், மூன்று அடுப்பும் சுற்றிலும் அரண் மாதிரி. கையில் குடை. சட்டையில் ஒரு பை கிழிந்து தொங்கியது. எதிர்ப் பாறையில் ஏழெட்டுக் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து, மிகவும் நிதானமாகத் தேன்குழல் தின்றுகொண்டிருந்தன.

"முதல்ல ஒண்ணுதான் வந்துச்சு" என்றார் அண்ணன், யாரையும் பார்க்காமல். "ரெண்டு தேன்குழலுக்குப் பேசி முடிச்சேன். டக்குனு ஒத்துக்கிட்டுப் போயிருச்சு. அப்பவே எனக்குச் சந்தேகம்தான். போயி ஆள் கூட்டிக்கிட்டு வந்துருச்சு."

அண்ணமிண்டி ஷூவைக் கழற்றிக் கல்லில் தட்டினார். அடுப்புகளைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார், கவிழ்ந்து கிடந்த டின்னைப் பார்த்தார்.

"என்னங்க" என்றார். "சாமானெல்லாம் சரியா இருக்கா?"