பிணத்தின் சட்டைப் பை

பதினான்கு நிமிடப் படத்துக்கு ஏழு மாதம் நாயாய் உழைத்தேன். பார்த்தவர்கள் எல்லோருக்கும் பிடித்தது பிணம் ஒன்றுதான்.

பிணமாக நடித்தவர் என் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். நடிப்பு சுட்டுப் போட்டாலும் வராது என்று தெரிந்துதான் அந்த வேடத்தைக் கொடுத்தேன். வசனம் கிடையாது, நடக்க வேண்டாம், கூடத்தில் மல்லாந்து கிடந்தால் போதும். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. மூச்சு விட்டு விட்டு ஆறு டேக்கைக் கெடுத்தார். வயிறு ஏறி இறங்கியது. நான் கைபேசியைப் பிடித்தபடி, "மூச்சு விடாதீங்க, மூச்சு விடாதீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது டேக்கில் பிணம் இருமியது. ஒவ்வொரு டேக் முடிந்ததும், "காத்து வாங்கிட்டு வரேன்" என்று மொட்டை மாடிக்குப் போய்விட்டு வந்து படுத்துக்கொண்டது.

அந்த இருமலைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. மூன்று வருடங்களுக்கு முன் அவருக்கு இதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இனி ஒரு சிகரெட்கூடக் கூடாது, தொட்டால் அடுத்த முறை என்னால் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் என் முன்னாலேயே சொன்னார். இவர் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். என் தலை இன்றுவரை பத்திரமாக இருப்பதால் நானும் நம்பிவிட்டேன். இருமலுக்குக் காரணம் கேட்டால், தரையில் தூசி என்றார். மறுநாள் கூடத்தை இரண்டு தரம் துடைத்தேன்.

இன்ஸ்பெக்டர் என் மாமியார். நீதிமன்றத்தில் முப்பது வருடம் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ கொலை வழக்குகள் அவருடைய பத்து விரல்கள் வழியாகத்தான் போயிருக்கின்றன. அவர் ஒரு முறை முறைத்தால் எதிரே நிற்பவர் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்வார். கொலையாளி, நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். அதே கடையில் நான் கண் பரிசோதிக்கிறவள். பத்து வருடமாக ஊராருக்குப் பார்வை சரியில்லை என்று சொல்லிச் சம்பாதிக்கிறேன். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்க வசதியாக இருக்கும்.

படத்தின் பெயர் 'நனையாத குடை'. கொட்டும் மழையில் இப்போதுதான் வந்தேன் என்கிறான் கொலையாளி. ஆனால் அவனுடைய குடை காய்ந்து கிடக்கிறது. அப்படியென்றால் மழைக்கு முன்பே உள்ளே இருந்திருக்கிறான். இந்தத் துப்பை நான்கு காட்சிகளில், மூலையில், பட்டும் படாமலும் வைத்திருந்தேன். இணையத்தில் ஏற்றிவிட்டு, குடையைக் கண்டுபிடித்து யார் முதலில் பாராட்டப்போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

ஒருவரும் பாராட்டவில்லை. "சவுண்ட் கிணத்துக்குள்ள இருந்து வருது" என்று ஒருவர். "கொலை செய்த கத்தி தக்காளி நறுக்குற கத்தி மாதிரி இருக்கே" என்று இன்னொருவர். அது தக்காளி நறுக்குகிற கத்திதான், அதற்கு நான் என்ன செய்ய? "பிணத்தின் நடிப்பு எதார்த்தம்" என்று பதினேழு பேர். "இன்ஸ்பெக்டர் அம்மா கொன்னுட்டீங்க" என்று ஒருவர் எழுதியிருந்ததை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன்.

"நான் எங்க கொன்னேன்? கண்டுபிடிக்கறவதானே நான்? படத்தச் சரியா பாத்தானா அவன்?" என்றார்.

"பாராட்டறாங்க, அத்தை."

"பாராட்டறவன் ஏன் கொலைக் குத்தம் சாட்டறான்?"

நான்காம் நாள் காலை, கடை திறக்கும் நேரத்தில், 'ஓரக்கண்' என்ற பெயரில் யாரோ எழுதியதைப் படித்தேன். "6:18-ஐ நிறுத்திப் பாருங்கள். பிணத்தின் சட்டைப் பையில் சிகரெட் பெட்டி. 6:31-ல் இன்ஸ்பெக்டர் குனிகிறார். 6:40-ல் பெட்டி இல்லை. தடயத்தை எடுத்தது இன்ஸ்பெக்டர்தான். கொலையாளியும் அவர்தான். அந்தக் குடைக்காரர் அப்பாவி. இயக்குநருக்கு என் வணக்கம்."

அதன் கீழே இருநூறு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். "ஒரே ஷாட்டில் எடுத்திருக்கிறார், ராட்சசி" என்று ஒருவர். "இன்ஸ்பெக்டருக்கும் பிணத்துக்கும் ஏதோ உறவு இருக்கிறது, கண்ணைப் பாருங்கள்" என்று ஒருவர். "டேக் நடுவுல பிணம் எழுந்து போய் தம் அடிச்சிட்டு வந்து படுத்திருக்கும் போல" என்று ஒரு வேடிக்கைக்காரர்.

கண் பரிசோதிக்க வந்து உட்கார்ந்திருந்தவரை அப்படியே விட்டுவிட்டு 6:18-ஐப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரத்தம் அசலாக இருக்க வேண்டும் என்று சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்து அவர் மார்பில் அரைச் சொம்பு ஊற்றியிருந்தேன். வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பையில் நீள்சதுரமாக, நான்கு மூலையும் தெரிய, பெட்டி.

படத்தை வெட்டி ஒட்டும்போது நாற்பது தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வயிறு அசைகிறதா என்று வயிற்றைப் பார்த்தேன். இல்லாவிட்டால் மூலையில் குடை தெரிகிறதா என்று குடையைப் பார்த்தேன். வயிற்றுக்கும் குடைக்கும் நடுவில் ஒரு சட்டைப் பை இருந்தது எனக்குத் தெரியவில்லை.

"அம்மா, அடுத்த எழுத்து படிக்கவா?" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

"வேணாங்க. உங்க கண்ணு என் கண்ண விட நல்லாவே இருக்கு" என்றேன்.

விடுமுறை நாள் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அன்று காலை மாமியார் கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். டிவியில் 6:18-ஐ நிறுத்தி வைத்தேன்.

"இது என்ன?"

நிமிர்ந்து பார்த்தார். "ரத்தம்."

"ரத்தத்துக்குள்ள?"

"நான்."

"உங்க பைக்குள்ள?"

டீயை ஒரு வாய் குடித்தார். "கரண்ட் பாக்கற டெஸ்டரா இருக்கும். வேலைக்குக் கொண்டு போறதுதான்."

"டெஸ்டர் எப்பங்க இவ்ளோ அகலமாச்சு?"

6:31-க்கு ஓட்டினேன். திரையில் மாமியார் குனிந்தார். விரல்கள் சட்டையின் மேல் ஒரு கணம் நின்று, புடவைத் தலைப்புக்குள் போயின. அப்படி ஒரு வேகத்தை நான் எந்த ஜேப்படிக்காரனிடமும் எதிர்பார்த்ததில்லை.

"அத்தை, உங்க கை எங்க போகுது?"

"நாடி பாக்கறேன்."

"நாடி சட்டைப் பைக்குள்ளயா இருக்கு?"

மாமியார் கத்தியைக் கீழே வைத்தார். கண்ணில் நீர். வெங்காயமா வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை. எழுந்து உள்ளே போய், பழைய டைப்ரைட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் திறந்தார்.

இருபத்து மூன்று சிகரெட் பெட்டிகள். ஒவ்வொன்றும் நூலால் கட்டப்பட்டு, ஒவ்வொரு கட்டிலும் ஒரு துண்டுச் சீட்டு. 'சான்றுப் பொருள் 4. வேலைப் பை, உள் அறை. திங்கள்.' 'சான்றுப் பொருள் 11. ஷூவுக்குள். வெள்ளி மாலை.' 'சான்றுப் பொருள் 19. மேற்படி நபரின் சட்டைப் பை. மேற்படி நபர் பிணமாக இருந்தபோது.'

"மூணு மாசமா எடுத்துட்டிருக்கேன். உனக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டன்னு சொல்லல. இவனக் கேட்டா இல்லைன்னு சாதிப்பான், அதனால கேக்கல" என்றார்.

"எடுத்தத தூக்கிப் போட வேண்டியதுதானே அத்தை? ஏன் சேத்து வெச்சிருக்கீங்க?"

"சான்றுப் பொருள எவளாச்சும் தூக்கிப் போடுவாளா?" என்று என்னை அந்த இன்ஸ்பெக்டர் முறைப்பு முறைத்தார்.

வீட்டுக்காரர் வாயைப் பிளந்தபடி பெட்டிக்குள் பார்த்தார். "ம்மா, நீயா எடுத்த? மூச்ச அடக்கறதுல அன்னிக்குக்கூடத் தெரியலியே." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதான் எடுக்கறன்னு நெனச்சேன். ஒரு வார்த்த கேக்காம, திட்டாம எடுத்துட்டுப் போறாளேன்னு மனசு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

"கஷ்டமா இருந்தா நிறுத்த வேண்டியதுதானே?"

"கஷ்டமா இருந்தாதான் இன்னொண்ணு பத்த வெக்கத் தோணுது."

மகன் பிடிப்பது தாய்க்குத் தெரியும். யாரோ எடுப்பது மகனுக்குத் தெரியும். முகம் தெரியாத இருநூறு பேருக்கும் தெரிந்துவிட்டது. துப்பறியும் படம் எடுத்தவளுக்கு மட்டும்தான் துப்புக் கிடைக்கவில்லை. சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி, நடுவில் அது அழுகையாக மாறிவிட்டது. எனக்கே அது பிடிக்கவில்லை.

"இதே தரையிலதான் உங்கள படுக்க வெச்சு, மேல ரத்தத்த ஊத்தி, மூச்சு விடாதீங்கன்னு கத்தினேன். அன்னிக்கு எல்லாம் வெளையாட்டு. நெசமாவே ஒரு நாள் நீங்க அப்படிக் கெடந்தா, நான் யார்கிட்டப் போய் ரீடேக் கேப்பேன்? எனக்கு பயமா இருக்குங்க. அவ்வளவுதான்" என்றேன்.

அவர் மறுபடியும் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வந்தார். கையைத் தட்டிவிட்டேன். இந்தத் தலையை நம்பி மூன்று வருடம் ஏமாந்தது போதும்.

மாலையில் படத்தின் கீழே புதிதாக ஒன்று வந்திருந்தது. எழுதியவர் பெயர் 'பிணம்'. "6:18-ல் இருப்பது என்னுடைய சிகரெட். துப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். வீட்டில் பொய் சொல்லிப் பிடித்தேன். இன்ஸ்பெக்டர் என் அம்மா. இன்று முதல் நிறுத்துகிறேன். இது முதல் நாள்."

மறுநாள் காலை ஓரக்கண் கேட்டிருந்தார்: "பிணம் சார், இன்று எத்தனையாவது நாள்?" இவர் "இரண்டு" என்று போட்டார். அதன் பிறகு தினமும் யாராவது கேட்டார்கள். டீயும் கையுமாக உட்கார்ந்து இவர் எண்ணைப் போடுவார். போட்டாரா என்று மாமியார் தன் கைபேசியில் சரிபார்ப்பார். கருத்துகள் ஆயிரத்தைத் தாண்டின. அதில் குடையைப் பற்றி ஒன்றுகூட இல்லை. படத்தை அனுப்பியிருந்த குறும்பட விழாவிலிருந்து, "படம் தேர்வாகவில்லை, ஆனால் கருத்துப் பகுதியைக் குடும்பத்தோடு தினமும் படிக்கிறோம்" என்று பதில் எழுதினார்கள். எனக்குக் கோபம் வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பத்தொன்பதாம் நாள் காலை எண் வரவில்லை. கடையில் இருந்தபடி பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்தேன். லென்ஸ் தேய்க்கிறவரும் பார்த்தார். மதியம் மாமியார் போன் செய்து, "போட்டானா?" என்றார். இல்லை என்றேன். நான்கு மணிக்கு வந்தது.

"பூஜ்யம். நேற்று லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டார். அவரை வெளியே எடுத்த பதற்றத்தில் ஒன்று பிடித்துவிட்டேன். காலையில் எழுதத் தைரியம் வரவில்லை. மன்னிக்கவும்."

படித்ததும் இரண்டு கைகளாலும் அவரைப் போட்டு மொத்த வேண்டும் போல இருந்தது. என்னவெல்லாம் திட்டுவது என்று வரிசையாக யோசித்தேன். அப்புறம்தான் உறைத்தது. பொய் சொல்லிப் பத்தொன்பது என்று போட்டிருக்கலாம். ஷூவுக்குள் ஒளித்து வைத்த மனிதர், ஊரறியப் பூஜ்யம் போட்டிருக்கிறார்.

யாராவது கேலி செய்வதற்குள் எழுதிவிட வேண்டும் என்று அவசரமாகத் தட்டினேன். இயக்குநராக அந்தப் பக்கத்தில் நான் எழுதிய ஒரே கருத்து அதுதான்.

"ரீடேக். இந்தத் தடவை நல்லா மூச்சு விடுங்க."