உள்ளே இருப்பது யார்?

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: நோயாளிகளுக்குக் கட்டிலும் சக்கர நாற்காலியும் இரவல் தரும் அந்த அலுவலகம் காகிதத்தை வென்று, எல்லா மேஜைகளிலும் ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய பொது டேட்டாபேஸ் என்னும் புதுயுகத்துக்குள் காலடி எடுத்து வைத்துவிட்டது. மேலாளர் இதை அறிவித்தபோது கைதட்டினார்கள். கைதட்டச் சொன்னதும் அவர்தான்.

புதுயுகம் நடந்த விதம் இப்படி. இரண்டு பேர் ஒரே பதிவைத் தொட்டால் ஃபைல் முரண்டு பிடிக்கும். ஆகவே திறக்கும்போது "உள்ள வர்றேன்!" என்று கத்த வேண்டும், மூடியதும் "வெளிய போறேன்!" என்று கத்த வேண்டும். முதல் தடவை வருபவர்கள் கொஞ்சம் பயப்படுவார்கள்.

ஒருநாள் மதியம் இரவல் பிரிவு அக்காவுக்கே ஒரு கட்டில் வேண்டியிருந்தது. இடுப்பெலும்பு உடைந்த அப்பாவை மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். வீட்டில் இருப்பதோ தரையில் விரிக்கும் மெத்தை. தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில் கிடங்கில் ஒன்றே ஒன்று மிச்சம். கத்திவிட்டு அதன் பதிவைத் திறந்தாள். 'வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்' என்றது திரை.

"யாருப்பா உள்ள?"

"நான் இல்லை!"

"நான் அப்பவே வெளிய போயிட்டேன், காது கேக்கலையா?"

"ஒருத்தரும் உள்ள இல்லன்னா, பேயா திருத்துது?" என்றார் கிடங்குக்காரர். சீட்டு இல்லாமல் ஓர் ஆணியைக்கூட வெளியே விடாத மனிதர்.

"அண்ணே, கட்டிலக் குடுத்துடுங்க. நாளைக்குப் பதிஞ்சுக்கறேன்."

"உங்கப்பாவுக்குன்னா தோள்ல தூக்கிட்டு வருவேன்மா. அதை வேற யாருக்காவது ஒதுக்கியிருந்தா? அங்கயும் ஒரு அப்பா இருப்பாருல்ல?"

எல்லோரும் ஃபைலை மூடினார்கள், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். பதிவின் மேல் விழுந்த பூட்டு அசையவில்லை. அப்போது கணக்குப் பிரிவுக்காரி எழுந்து வந்தாள். மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்ற தகராறிலிருந்து அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லாதவள்.

"தள்ளு. ஃபைலுக்குப் பக்கத்துலயே ஒரு பூட்டு ஃபைல் இருக்கும். எந்த மெஷின் உள்ள இருக்குன்னு அதுல தெரியும்."

மற்றவர்கள் மூடிவிட்டதால் அதில் ஒரே பெயர்தான் இருந்தது: 'தலைமை'.

எல்லோரும் மேலாளர் அறைக் கதவைப் பார்த்தார்கள். அது பூட்டியிருந்தது, சாவி அவர் பையில், அவர் வெளியே ஒரு கூட்டத்தில், கணினி ஒழுக்கம் குறித்துச் சொற்பொழிவில். கத்துவது பதவிக்கு இழுக்கு என்பதால் அவர் மட்டும் என்றுமே கத்தியதில்லை.

அவர் திரும்பியபோது வெயில் ஜன்னலை விட்டுப் போயிருந்தது. அக்கா பின்னாலேயே அறைக்குள் நுழைந்தாள்.

"சார், நீங்க உள்ளயே இருக்கீங்க."

"இப்பதானேம்மா வர்றேன்?"

திரையில் அதே கட்டில். ஒதுக்கப்பட்டவர் என்ற கட்டத்தில் 'நம்ம இரவல் பிரிவு அக்காவோட அப்பா' என்று தட்டி, அப்படியே விட்டிருந்தது. ஓரத்தில் சிறு பென்சில் படம்: இன்னும் சேமிக்கவில்லை என்று அர்த்தம்.

"காலைல நீ போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. வேற யாரும் எடுத்துடக் கூடாதேன்னு... அப்புறம் சேமிக்கிறது எப்படின்னு..." அவர் காது சிவந்தது. "யாரையாவது கேக்கலாம்னுதான் இருந்தேன்."

வாசல்வரை கொண்டுவந்திருந்த கோபத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. குனிந்து ஒரு விசையைத் தட்டினாள். பென்சில் மறைந்தது.

"ரொம்ப நன்றி சார்," என்றாள், யாரும் சொல்லச் சொல்லாமலே.

கிடங்குக்காரர் சொன்னபடி தோள் கொடுத்தார். கணக்குப் பிரிவுக்காரி வேனில் கூடவே ஏறி, கட்டில் ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். தலையை உயர்த்திப் படுத்த அப்பா, "ராஜா மாதிரி இருக்கும்மா," என்றார். அவள் மனதுக்குள் ஒவ்வொருவராய் எல்லோருக்கும் நன்றி சொன்னாள், மின்விசிறியைக்கூட விட்டுக்கொடுத்தாள்.

மறுநாள் காலை மேலாளர் தம் அறையிலிருந்து, வாழ்க்கையில் முதன்முறையாக, "உள்ள வர்றேன்!" என்று கத்தினார். எல்லோரும் சொல்லாமலே கைதட்டினார்கள்.

"வெளிய போறேன்" என்று இன்றுவரை அவர் கத்தவில்லை.