செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி

அமெரிக்காவின் ஆர்கன்சாஸில் எங்கள் மாண்டிசோரி பள்ளி அரசுப் பணத்தில் நடக்கிறது. கட்டணம் கிடையாது, சேர்க்கை குலுக்கல் முறையில். ஒரே அளவுச் சீட்டுகளைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தலைமையாசிரியர் நானே எடுப்பேன். இத்தனை நேர்மைக்குப் பிறகும் வசதியான வீட்டுப் பிள்ளைகளே ஏன் வருகிறார்கள் என்று ஆண்டுதோறும் வியப்பேன்.

விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று, கோழி இறைச்சி ஆலையில் வேலை செய்யும் யெசேனியா மகளுக்காக விண்ணப்பம் கேட்டாள்.

"முதல்ல பள்ளியைச் சுத்திப் பார்க்கணும்மா. செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்கு. பார்த்தவங்களுக்குத்தான் விண்ணப்பம்."

"அப்போ நான் ஆலையில நிப்பேனே. வேலைக்குப் போறவங்க பிள்ளைங்க வேண்டாமா சார்?"

அந்த விதியை எழுதிய மேதை நான்தான்.

"இப்பவே சுத்திப் பார்த்துடலாம், வாங்க."

பார்த்தாள், விண்ணப்பத்தை நிரப்பினாள்.

"இன்னும் ஆறு குடுங்க சார். என் ஷிஃப்ட்ல ஆறு அம்மாங்க இருக்காங்க."

நகலெடுக்க ஓடினேன்.