காற்றில்லாத மைதானம்

ஒரே ஒரு இலை அசைந்தால் போதும். இவர்கள் பார்க்க ஒரு காற்று வந்து இந்த ட்ரோனைத் தூக்கி எறிந்தால், நான் வாய் திறக்க வேண்டியதில்லை.

அசையவில்லை. சிதறாலில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்த மைதானத்தை முதலாளி ஜாஸ்பர் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான் என்று ஆன்ஸ்லினுக்குத் தெரியும்.

மலைக்கணவாய்களில் காவல் நிற்கும் படைவீரர்களுக்காக, முன்னால் போய் வேவு பார்க்க, பலத்த காற்றிலும் பறக்கக்கூடிய ட்ரோன். ராணுவத்தின் ஆராய்ச்சிப் பணத்தில் ஜாஸ்பரின் கம்பெனி அதைச் செய்தது. பறக்கவிட்டுச் சோதிப்பது ஆன்ஸ்லினின் வேலை. ஆரல்வாய்மொழியில், காற்றாலைகளின் காலடியில், ஒவ்வொரு தடவையும் அது மல்லாந்து விழுந்தது. விழட்டும், விழுந்தால்தானே திருத்த முடியும் என்றிருந்தாள். ஆராய்ச்சி என்றால் அதுதான் என்று நம்பிய முட்டாள் அவள் ஒருத்திதான் போலும்.

ஜாஸ்பர் காத்திருக்கவில்லை. போன ஞாயிறு சபைக் கோயில் ஆராதனையில் எழுந்து, ட்ரோன் காற்றை ஜெயித்துவிட்டது, ராணுவம் வாங்கப்போகிறது என்று சாட்சி சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கையும் படைத்துவிட்டார். ஆன்ஸ்லினின் மாமியார் செல்லபாய் அதைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். நடக்காத ஒன்றுக்கு நன்றி சொல்லியாகிவிட்டது; இனி அது நடந்ததாகத்தான் இருக்க வேண்டும். சபைக்கு முன்னால் சொன்னதைத் திரும்ப எடுக்கிற ஆள் இல்லை ஜாஸ்பர்.

டெல்லியிலிருந்து வந்த ஆய்வுக் குழுவினர் இளநீர் குடித்தபடி மேலே பார்த்தார்கள். ட்ரோன் அழகாகத்தான் மிதந்தது. பலத்த காற்றில் சோதித்தாயிற்றா என்று தமிழ் தெரிந்த குழுத் தலைவர் கேட்டார். பறக்கவிட்டவர் வாயால் ஆம் என்று சொன்னால் போதுமாம், அடுத்தது கொள்முதல்தான். பெரிய கேள்வி கேட்டுவிட்டவர்போல மீண்டும் இளநீரை உறிஞ்சினார்.

ஜாஸ்பர் அவள் பக்கம் குனிந்தார்.

"ஆரல்வாய்மொழில நல்லா பறந்துச்சுன்னு மட்டும் சொல்லு மக்கா. குறையெல்லாம் பொறவு சரி பண்ணிக்கிடலாம்." குரலைத் தாழ்த்தினார். "வாற ஞாயித்துக்கெழமையும் நீ நம்ம கோயிலுக்குத்தான் வரணும், கேட்டியா?"

கேட்டது. வேலை போகும். கோயில் வாசலில் அவளைக் கண்டதும் பேச்சு நின்று, கடந்ததும் தொடரும். வீட்டில் மாமியார் முகம் திருப்புவாள். ஆனால் எங்கோ ஒரு கணவாயில், முன்னால் பகைவன் இல்லை என்று இதை நம்பி அடியெடுத்து வைக்கப்போகிறவனுக்கு முகம்கூட இல்லை. அவனை இவர்கள் யாரும் பார்க்கப்போவதில்லை.

ட்ரோனைத் தரையிறக்கினாள். ரிமோட்டைப் பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் வைத்தாள்.

"காத்துல நல்லா பறந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன் அண்ணா" என்றாள், குழுத் தலைவருக்கும் கேட்கும்படி.